ஒரே நாடாவில் வாய் வைத்தவர்

அன்பு மகள் பொன்மணிக்கு,

பூனாவிலிருந்து நீ போட்ட கடிதம் சனிக்கிழமை கைக்கு வந்தது. உன் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்துகொண்டாள். நான் வாசிக்க வாசிக்க ஆஸ்பத்திரி எவ்வளவு பெரியது, வெள்ளை உடுப்பு உனக்குப் பொருத்தமாகத் தைத்திருக்கிறார்களா, குளிருக்குக் கம்பளி கொடுத்தார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒரே ஒரு இடத்தை மட்டும் நான் அவளுக்கு வாசிக்காமல் தாண்டிவிட்டேன். நர்ஸுகள் விடுதியில் உன் அறையில் இருக்கும் மாட்டுங்கா பெண் ஜானகி உனக்குச் சொன்ன யோசனை. சமையல்கார அம்மாள் யார் யார் எந்த இடம் என்று விசாரித்து வைத்துக்கொண்டு சிலருக்குத் தட்டைத் தனியாக வைக்கிறாள் என்று எழுதியிருந்தாய். அதற்கு ஜானகி, "நீ தாராவின்னு சொல்லாதே. எங்காத்துக்கு அடுத்த தெருன்னு நான் சொல்லிடறேன். நீ வாயைத் திறக்காம இரு, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றாள் என்றும், இந்தக் காலத்தில் இப்படி ஒரு சிநேகிதி யாருக்குக் கிடைப்பாள் அய்யா என்றும் எழுதியிருந்தாய்.

அந்தப் பெண்ணை நான் பார்த்ததில்லை. சின்ன வயதிலேயே புருஷனை இழந்து, வீட்டாரின் பேச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு இந்த வேலைக்கு வந்தவள் என்று நீ எழுதியிருப்பதைப் பார்த்தால் நல்ல மனசுக்காரியாகத்தான் தெரிகிறாள். அவளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் "நீ வாயைத் திறக்காம இரு" என்ற வார்த்தையைப் படித்ததும் என் கண் அங்கேயே நின்றுவிட்டது. அதே வார்த்தையை வேறொருவர் வாயிலிருந்து நான் கேட்டிருக்கிறேன். அவரும் நல்ல மனசுக்காரர்தான். உனக்கும் அவரைத் தெரியும். ஆறுமுகம் மாமா ஏன் இப்போது நம் வீட்டுக்கு வருவதில்லை என்று நீ பல தடவை கேட்டிருக்கிறாய். ஷிப்டு மாறிவிட்டது என்றும் உடம்பு சரியில்லை என்றும் உன் அம்மா ஏதேதோ சொல்லி மழுப்பினாள். நீயும் கேட்பதை நிறுத்திவிட்டாய். இப்போது நீ சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவள். நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய் என்பதால் எழுத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறேன். பொறுமையாக வாசி.

ஆறுமுகம் நம் திருநெல்வேலிச் சீமைக்காரர். எங்கள் ஊரிலிருந்து அவர் ஊர் கூப்பிடு தூரம்தான். பரம்பரையாகத் தறியில் உட்காரும் குடும்பம். ஊரில் இருந்திருந்தால் அவர் தெருவுக்குள் நான் செருப்புப் போட்டு நடந்திருக்க முடியாது. பம்பாயில், பரேல் பக்கத்து மில்லில், ஒரே சங்குக்கு உள்ளே போய் ஒரே சங்குக்கு வெளியே வந்தோம். ஒரு வேலைநிறுத்தத்தின்போது மில் வாசலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பழகியதுதான் தொடக்கம். சுற்றிலும் மராத்தியும் இந்தியுமாக இருக்கிற இடத்தில் "என்ன வே, எந்த ஊரு?" என்று ஒரு குரல் கேட்டால் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. நீ இங்கேயே பிறந்தவள். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவர் தாராவிக்கு நம் வீட்டுக்கு வந்துவிடுவார். உன் அம்மா கையால் கருவாட்டுக் குழம்பு சாப்பிடுவார். சாப்பிட்ட தட்டை அவரே கழுவி வைப்பார். உனக்குக் குச்சி மிட்டாய் வாங்கி வருவார். எல்லாரும் என்னை நீ, வா, போ என்று கூப்பிட்ட மில்லில் அவர் ஒருவர்தான், அதுவும் நாங்கள் தனியாக இருக்கும்போது, நீரு, உமக்கு என்று பேசினார். அவர் இருந்த லால்பாக் குடியிருப்புக்கு நாங்கள் ஒரு முறையும் போனதில்லை. அவரும் கூப்பிட்டதில்லை. அது எனக்கு அன்றைக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை.

மில்லில் எனக்கு நூற்புப் பகுதியில் வேலை. சுற்றுகிற கதிர்களில் இழை அறுந்தால் ஒட்டவேண்டும். நாள் முழுக்க நடை, நாள் முழுக்கப் பஞ்சுத் தூசி. நம் ஆட்கள் எல்லாரும் அந்தப் பகுதியில்தான். பக்கத்துக் கட்டடத்தில் நெசவு. அங்கே கூலி அதிகம், மரியாதையும் அதிகம். ஆனால் நம்மில் ஒருவர்கூட அங்கே கிடையாது. தறியில் குறுக்கே ஓடுகிற, படகு மாதிரியான மர நாடாவுக்குள் நூல் சுற்றிய தார் இருக்கும். தார் தீர்ந்தால் புதியதைப் போட்டு, நாடாவின் கண்ணில் வாயை வைத்து உறிஞ்சினால்தான் நூல் நுனி வெளியே வரும். ஒரு ஆள் விட்ட தறியை அடுத்த ஷிப்டில் இன்னொரு ஆள் எடுப்பார். அவரும் அதே இடத்தில் வாய் வைப்பார். எங்கள் வாய் பட்ட நாடாவில் அவர்கள் எப்படி வாய் வைப்பது? இதுதான் காரணம். யாரும் இதை எழுதி மாட்டி வைக்கவில்லை. எழுதி மாட்டாத சட்டத்தைத்தான் எல்லாரும் தவறாமல் கடைப்பிடித்தார்கள்.

குர்லாவில் மேலப்பாளையத்து சாயபு ஒருவர் பழைய மின் தறிகளை வாங்கிப் போட்டுச் சின்னதாகக் கொட்டகை நடத்திவந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறுமுகம் அங்கே கைச்செலவுக்கு நெய்வார். ஒரு நாள் என்னையும் கூட்டிப்போனார். "சும்மா நின்னு பாக்காதீரும். கையக் குடும்" என்று தறியில் நிறுத்தினார். முதலில் பாவு இழைகளை அறுத்து அறுத்துப் போட்டேன். சாயபு தலையில் அடித்துக்கொண்டார். ஆறுமுகம் சிரித்துக்கொண்டே ஒவ்வொரு இழையாக எடுத்துக் கட்டினார். மாதங்கள் போகப் போகக் கை படிந்தது. அவர் ஒரு தறி, நான் ஒரு தறி என்று நின்றோம். எத்தனையோ தடவை அவர் நாடாவை நான் எடுத்து உறிஞ்சியிருக்கிறேன். என் எச்சில் காயாத நாடாவை அவர் வாங்கி வாயில் வைத்திருக்கிறார். முதல் தடவை அப்படிச் செய்தபோது நான் பதறிப்போய் அவர் கையைப் பிடித்தேன். "இங்கன நாம ரெண்டு பேருதான வே" என்றார். "இதுல என்ன இருக்கு? மில்லுல மட்டும் இதப் பத்தி வாயத் தொறந்துராதீரும். மத்ததெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்." அன்று வீட்டுக்குத் திரும்பும்போது ரயிலில் என் கண் கலங்கியது. அது சந்தோஷத்தில் வந்த கண்ணீர், பொன்மணி. மனிதன் என்றால் இவன்தான் என்று நினைத்தேன்.

யுத்தம் வந்தது. பட்டாளத்துக்குத் துணி வேண்டும் என்று மில் ஓயாமல் ஓடியது. விமானக் குண்டு பயத்தில் ஆட்கள் ஊர்களுக்கு ஓடிவிட, நெசவில் கை குறைந்துபோய்ப் பல தறிகள் சும்மா நின்றன. வேறு பகுதியில் இருப்பவர்களில் தறி தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று மில்லில் சொன்னார்கள். நான் பேசாமல்தான் இருந்தேன். ஆறுமுகம்தான் விடவில்லை. நம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே, உன் அம்மா முன்னால் சொன்னார். "போய்க் கேளும் வே. கை தெரிஞ்ச ஆளு கிடைக்காமத் திண்டாடுதானுவ. யாராவது ஏதாவது சொன்னா நான் இருக்கேன்லா." உன் அம்மா அவருக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

கேட்டேன். நெசவு மாஸ்டர் என் பெயரையும் தாராவி என்பதையும் கேட்டதும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பிறகு சொல்கிறேன் என்றார். அன்று மாலைக்குள் நெசவுக்காரர்கள் கூடி, இவன் உள்ளே வந்தால் நாங்கள் வெளியே போவோம் என்று சொல்லிவிட்டார்கள். நாடாதான் காரணம். எங்கள் தொழிற்சங்கத்தில் எல்லாரும் சமம் என்று மேடையில் பேசுகிறவர்கள் என்னைத் தனியே அழைத்து, யுத்த நேரத்தில் ஒற்றுமை கெடக்கூடாது தோழரே என்றார்கள். ஒற்றுமை கெடாமல் இருக்க ஒதுங்கவேண்டியவன் எப்போதும் நான்தான் போலிருக்கிறது.

இதற்கிடையில் வேறொன்று நடந்தது. நாடாவை உறிஞ்சுவதால் ஒருவர் நோய் இன்னொருவருக்கு ஒட்டிக்கொள்கிறது, நெசவில் பலருக்கு மார்பு நோய் வருவது இதனாலும் இருக்கலாம் என்று மில் டாக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் மில்லில் சின்னக் கம்பிக் கொக்கிகளை வாங்கிக் கொடுத்தார்கள். நாடாவின் கண்ணுக்குள் கொக்கியை விட்டு நூலை இழுத்துவிடலாம். இனிமேல் யாரும் வாய் வைக்கவேண்டியதில்லை. அந்தச் செய்தியைக் கேட்டதும் நான் அடைந்த மகிழ்ச்சியை நினைத்தால் இப்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. காரணம் போய்விட்டது, இனி கதவு திறந்துவிடும் என்று நம்பினேன். மறுபடியும் மாஸ்டரிடம் போனேன். அவர் கொக்கியைப் பற்றிப் பேசவே இல்லை. "உனக்குத் தறி தெரியாது என்று சொல்கிறார்கள்" என்றார். ஒரு தறியில் நிறுத்திப் பாருங்கள் சாப் என்றேன். "நீ தொட்டால் அவர்கள் தறியை நிறுத்திவிடுவார்கள். எப்படிப் பார்ப்பது?" என்றார். தெரியாது, அதனால் தொடக்கூடாது. தொடக்கூடாது, அதனால் தெரியும் என்று காட்டமுடியாது. இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள் மகளே. உன்னை ஒதுக்குவதற்கு அவர்கள் சொல்லும் காரணத்தை நீ எவ்வளவு கஷ்டப்பட்டு நீக்கினாலும் அன்று சாயங்காலத்துக்குள் இன்னொரு காரணம் தயாராகிவிடும். சுத்தமாக இரு என்பார்கள், இருப்பாய். இங்கிலீஷ் பேசு என்பார்கள், பேசுவாய். அதற்கும் மேலே ஒன்று வரும். உன் வேலையை நன்றாகச் செய். அது உன் மரியாதைக்காக. ஆனால் நன்றாகச் செய்தால் அவர்கள் மனம் மாறிவிடும் என்று எண்ணி ஏமாறாதே.

சர்க்காரில் தொழிலாளர் அதிகாரி ஒருவர் இருந்தார். அவரிடம் மனு கொடுத்தேன். தறி தெரிந்தும் சாதியால் மறுக்கிறார்கள் என்று சொன்னேன். அவர் நல்ல மாதிரி. "தறி தெரியும் என்பதற்குச் சாட்சி இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார். சாயபு அதற்கு முன்பே நூல் கிடைக்காமல் கொட்டகையை மூடிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். இருக்கிறது ஐயா, இதே மில்லில் நெசவு செய்கிறார் என்று ஆறுமுகத்தின் பெயரைச் சொன்னேன். அன்று மாலை தாதர் ஸ்டேஷன் பாலத்தடியில் அவரைப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். அவர் ரயில் பாதைப் பக்கம் திரும்பிக்கொண்டார். "எம் பேரச் சொல்லிட்டீரோ?" என்றார். "நீருதான இருக்கேன்னு சொன்னீரு" என்றேன். "ஆமா, ஆமா" என்று என் தோளைத் தட்டினார். "உள்ளதச் சொல்லதுக்கு என்ன வே?" அந்த வார்த்தையை நம்பித்தான் அடுத்த வாரம் மானேஜர் அறைக்குள் போனேன்.

அறையில் அதிகாரி, மானேஜர், மாஸ்டர், சங்கத்துக்காரர் ஒருவர். நெசவுக்காரர்கள் சார்பில் மூன்று பேர் சுவரோரம் நின்றார்கள். ஆறுமுகத்தைக் கூப்பிட்டார்கள். அன்று அவர் நெற்றியில் திருநீறு வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. அதிகாரி இந்தியில் கேட்டார். இந்த ஆளை உனக்குத் தெரியுமா? தெரியும் சாப், எங்கள் ஜில்லாக்காரன் என்றார். இவனுக்குத் தறி ஓட்டத் தெரியுமா? நீ கற்றுக்கொடுத்தாயா? ஆறுமுகம் சுவரோரம் நின்றவர்களை ஒரு தடவை பார்த்தார். "மாலும் நஹி சாப்" என்றார். தெரியாது என்கிறார். குர்லா கொட்டகைக்கு இவன் வந்தானா? "கபி நஹி தேகா." பார்த்ததே இல்லையாம். நான் அடக்கமாட்டாமல் தமிழில், "ஆறுமுகம், என்ன சொல்லுதீரு? எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லும்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். அதுதான் எனக்கு ஆறவில்லை. தலையைக் குனிந்திருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பேன். நேராகப் பார்த்து, "ஏலே, உனக்கு ஊர்ப் பழக்கத்துல ரெண்டு வார்த்த பேசுனேன். அதுக்காக என்னய எதுக்குலே இதுல இழுக்க?" என்றார். நாங்கள் பேசியது அந்த அறையில் இருந்த யாருக்கும் புரியவில்லை. ஏலே என்று அவர் என்னைக் கூப்பிட்டது எனக்கு மட்டும்தான் புரிந்தது.

அதிகாரி எழுதுவதை நிறுத்திப் பேனாவை மூடினார். சாட்சி இல்லை என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். அதற்கப்புறம் ஆறுமுகத்தை நெசவில் ஜாபர் ஆக்கினார்கள். ஆட்களை வைக்கவும் விலக்கவும் அதிகாரம் உள்ள வேலை அது. இதற்குக் கூலியாகத்தான் கொடுத்தார்களா, தானாக வந்த முறைதானா என்று எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்ல மாட்டேன்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருக்கவில்லை. அவள் அழவில்லை, திட்டவில்லை. "நம்ம வீட்டுக்குள்ள சாப்புட்டாரு. வெளியில சாப்புட்டாரா?" என்று கேட்டாள். அவள் கேட்டதைத்தான் இத்தனை வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆறுமுகம் பொய்யான சிநேகிதர் இல்லை. குர்லாவில் என் எச்சிலோடு நாடாவை வாயில் வைத்த மனிதர் நடிக்கவில்லை. ஆனால் அவர் எனக்குக் கொடுத்த எல்லாவற்றையும் கதவைச் சாத்திக்கொண்டுதான் கொடுத்தார். சோறும் தொழிலும் மரியாதையும் நாலு பேர் கண்ணில் படாத இடத்தில்தான் கிடைத்தன. யாரும் பார்க்காமல் கொடுத்ததை, எல்லாரும் பார்க்கும் இடத்தில் கொடுக்கவே இல்லை என்று சொல்லிவிடலாம். சொன்னார். உண்மையைச் சொல்லியிருந்தால், இவனோடு ஒரே நாடாவில் வாய் வைத்தவன் என்று அந்த மூன்று பேரும் அவரையும் தள்ளி வைத்திருப்பார்கள். அவர் பிள்ளைகளுக்கு மாப்பிள்ளை கிடைத்திருக்காது. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. புரிந்தால் வலி குறையும் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். எனக்குக் குறையவில்லை. கதவை மறித்தவர்களின் முகம்கூட இப்போது நினைவில்லை. அவர்கள் எனக்கு ஒன்றும் வாக்குக் கொடுக்கவில்லை. கொடுத்தவர் முகம்தான் நினைவில் நிற்கிறது.

வேலையை விட்டுவிடலாம் என்று தோன்றியது. தோல் கிடங்கிலோ வேறு எங்கேயோ போயிருக்கலாம். போகவில்லை. அதே நூற்பில் நின்றேன். ஆனால் அதற்குப் பிறகு எதையும் தனியாகக் கேட்பதில்லை என்று முடிவு செய்தேன். எங்கள் பகுதியில் குடிதண்ணீருக்கு நாங்கள் குழாயைத் தொடக்கூடாது. ஒரு ஆள் சொம்பில் மேலேயிருந்து ஊற்றுவான், நாங்கள் கையை ஏந்திக் குடிப்போம். தாராவி ஆட்கள் பத்துப் பதினைந்து பேரும் ஒரு மத்தியானம் சேர்ந்துபோய், எல்லாரும் பார்க்கும்போதே, குழாயைத் திறந்து குடித்தோம். கூச்சலும் தள்ளுமுள்ளும் ஆயின. என் சட்டை கிழிந்தது. இரண்டு பேரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். மறுநாளும் போய்க் குடித்தோம். நிறுத்தியவர்களைத் திரும்ப எடுக்கும்வரை கதிர்ப் பக்கம் போகமாட்டோம் என்று உட்கார்ந்தோம். யுத்த நேரத்தில் நூல் இல்லாமல் மில்லுக்கு முடியாது. கடைசியில் குழாய் பொதுவானது. நெசவுக்கு இன்றைக்கும் நம்மில் ஒருவரும் போகவில்லை. குழாய் ஒன்றுதான் கிடைத்தது. ஆனால் அதை யாரும் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. நூறு பேர் பார்த்தார்கள்.

ஆகையால் நான் சொல்வதைக் கேள். ஜானகியோடு சண்டை போடாதே. அவள் தோளில் கைபோட்டு நட. ஆனால் அவளிடம் அவள் வீட்டுத் தெருவை இரவல் வாங்கும் வேலை வேண்டாம். அது இன்றைக்கு உதவியாகத் தெரியும். நாளைக்கு யாராவது அவளை மடக்கிக் கேட்டால், நீதான் அவளை ஏமாற்றினாய் என்று சொல்வதைத் தவிர அவளுக்கு வேறு வழி இருக்காது. அவளை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தாதே. சாப்பாட்டு அறையில், எல்லாரும் இருக்கும்போது, யாராவது கேட்டால், தாராவி என்று சாதாரணமாகச் சொல். ஸ்டேஷன் பெயரைச் சொல்கிற மாதிரி சொல். சொன்ன பிறகும் அவள் உன் பக்கத்தில் தட்டை வைத்து உட்கார்ந்தால் அவளை ஆயுசுக்கும் விடாதே. நம் வீட்டுக்குக் கூட்டி வா. மாட்டுங்காவுக்கும் நமக்கும் நடுவே ரயில் பாதை ஒன்றுதான் இருக்கிறது. உன் தட்டைத் தனியாக வைத்தால் தனியாக அழாதே. தட்டு தனியாக வைக்கப்படும் மற்றவர்கள் யார் என்று பார். அவர்களோடு சேர்ந்து விடுதியை நடத்தும் மேட்ரனிடம் போ. யார் என்ன சொன்னார்கள், யார் எதிரே சொன்னார்கள் என்று அன்றைக்கே அவரிடம் சொல்லிவிடு. இது ஒரு பெரிய ரகசியம் என்கிற மாதிரி யாராவது உன்னிடம் குரலைத் தாழ்த்திப் பேசினால், நீ உன் குரலைத் தாழ்த்தாதே.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. நீ பயிற்சிக்கு விடுதியில் இருந்தபோது, சுதந்திரம் வந்த மறு வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறுமுகம் நம் வீட்டுக்கு வந்தார். தலை நரைத்திருந்தது. வாசலில் நின்று, "இருக்கீரா வே?" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும், எல்லாம் தெரிந்தும், எனக்குள்ளே ஏதோ எழுந்து ஓடியது. உன் அம்மா பாய் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள், குடித்தார். உன்னைப் பற்றிக் கேட்டார். நர்ஸுக்குப் படிக்கிறாள் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மனசுல வச்சிக்கிடாதீரும் வே. அன்னைக்கு நான் சொன்னது பாவம். ராத்திரி படுத்தா அதுதான் முன்னால வருது." அவர் அழுதார். நானும் அழுதேன். அழுதுகொண்டே சொன்னேன்: "ஆறுமுகம், நாளைக்குப் பகல் ஷிப்டு விடும்போது மில் கேட்டுக்கு வாரும். உம்ம நெசவுக்காரங்க எல்லாரும் வருவாங்க. அங்கன வச்சு இதச் சொல்லும். நான் இவனுக்குத் தறி சொல்லிக் குடுத்தேன், இவனுக்குத் தறி தெரியும்னு சொல்லும். எங்கிட்ட மன்னிப்பே கேக்க வேண்டாம்." அவர் கையை எடுத்துக்கொண்டார். "எனக்கு மூணும் பொம்பளப் பிள்ளைகளா இருக்கே வே" என்றார்.

நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், அடுப்படியிலிருந்து உன் அம்மா, குரலை உயர்த்தாமல், "எங்களுக்கும் ஒண்ணு இருக்கு அண்ணாச்சி" என்றாள்.

அவர் எழுந்து போய்விட்டார். மறுநாள் சங்கு ஊதியதும் நான் கேட்டுக்கு வெளியே வந்து நின்றேன். வருவார் என்று நினைத்து நின்றேனா, வரமாட்டார் என்பதைக் கண்ணால் பார்க்க நின்றேனா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. நெசவுக்காரர்கள் கூட்டமாக வந்தார்கள். நடுவில் அவர் வந்தார். என்னைப் பார்த்துவிட்டார். சட்டென்று குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்யத் தொடங்கினார். அந்த வார் அறுந்திருக்கவில்லை. கூட்டம் அவரைச் சுற்றிக்கொண்டு போனது. அவர் நிமிரவே இல்லை. நான் போகும்வரைக்கும் நிமிரமாட்டார் என்று தெரிந்தது. அந்த மனிதர் அப்படிக் குனிந்துகொண்டே இருப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை, பொன்மணி. அதனால் நான்தான் திரும்பி நடந்தேன்.

உன் அய்யா